இடது சீட்டுக்குக் கீழே

துவாரகாவில் அந்த சொசைட்டிக்குள் போய் வைத்தியநாதன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ப்ளேன் கபாடி வைத்தி சார்', அதாவது ப்ளேன் காயலான்கடை வைத்தி, என்று கேட்டுப் பாருங்கள், செக்யூரிட்டி பையாவே லிஃப்ட் வரை கூட வந்து வழி காட்டுவான். அடிபட்டு, ஓடி ஓய்ந்துபோன சின்ன விமானங்களுக்கு விலை போடுவது அவர் தொழில். இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டது, சரி. மிச்சமிருக்கிற உடம்பு என்ன பெறும் என்று ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டாமா? அந்த ஒருத்தர்தான் வைத்தி. டில்லியைச் சுற்றி இந்த வேலைக்கு ஆட்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். சொசைட்டிக்காரர்களுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. "சார், என் ஆல்டோ என்ன போகும், சும்மா ஒரு அந்தாஸா சொல்லுங்க" என்று பார்க்கிங்கில் மறிப்பார்கள். வைத்தியும் முகம் சுளிக்காமல் குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பார். எதையும் அடியைப் பார்க்காமல் அவர் விலை சொன்னது கிடையாது. அந்தப் பழக்கம்தான் போன ஜூனில் அவர் அடிமடியிலேயே கை வைத்தது.

வெள்ளிக்கிழமை. நாற்பத்தைந்து டிகிரி வெயில். நஜஃப்கட் தாண்டி ஹரியானா எல்லையில் ஒரு தனியார் ஃப்ளையிங் க்ளப். மே மாதத்து ஆந்தியில், அந்தப் புழுதிப் புயலில், ஷெட்டின் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து, உள்ளே நின்ற இரண்டு சீட் பயிற்சி விமானத்தின் வாலில் விழுந்து நசுக்கிவிட்டது. நாற்பத்தைந்து வயசு விமானம். பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் புடியா, கிழவி. வைத்தியின் ஒரே பெண் மானசா முதன்முதலில் தனியாகப் பறந்ததும் அந்தப் புடியாவில்தான். இப்போது அவளுக்கு ஒரு ஏர்லைன்ஸில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ஜாயினிங். குர்காவ்னில் பி.ஜி. ஹாஸ்டலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நாலு வருஷம், இரண்டு நிராகரிப்பு, ஒரு மஞ்சள் காமாலை எல்லாம் தாண்டி வந்த திங்கட்கிழமை அது.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஷெட்டுக்குள் போன வைத்தி சாயங்காலம் ஐந்துக்குத்தான் வெளியே வந்தார். ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்து, நோட்டில் குறித்து, தலையெல்லாம் புழுதியாக வீடு வந்து சேர்ந்தபோது, மனைவி ஜலஜா ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த வாழைத்தண்டை நறுக்கி மோர்க்கூட்டு வைத்திருந்தாள். ஏழு மணிக்கே இலை போட்டாயிற்று. இலை என்றால் ஸ்டீல் தட்டுதான், அந்த வீட்டில் பேச்சு அப்படி.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வெயிலா?" என்றாள் ஜலஜா.

"வெயில் என்ன புதுசா. முதல்ல எல்லாம் ஜோராத்தான் போயிண்டிருந்தது. எஞ்சின் இன்னும் அறுநூறு மணி நேரம் ஓடும். லாக் புக்கெல்லாம் பக்காவா எழுதி வெச்சிருக்கான். புஸ்தகம் இல்லாத எஞ்சின் வெறும் இரும்பு, புஸ்தகம் இருந்தா ஒம்பது லட்சம். றெக்கை ரெண்டும் அடிபடலை, அது ஒரு நாலு. ப்ரொபெல்லர், ரேடியோ, சக்கரம், மீட்டர் எல்லாம் சேர்த்து மூணு. பதினாறு வந்துடுத்து. வால் மட்டும் கிலோ கணக்குல போகும்."

"அப்புறம் என்ன? போட்டுக் கொடுத்துட வேண்டியதுதானே."

"பதினாறுன்னு க்ளப் செக்ரட்டரிகிட்ட வாயால சொல்லிக்கூட வெச்சுட்டேன். கடைசியா இடது சீட்டைக் கழட்டி அடியைப் பார்த்தேன்." சாதத்தைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் போனைத் திருப்பிக் காட்டினார். "இதைப் பாரு."

ஜலஜா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "என்னது இது, தலகாணி கிழிஞ்சு பஞ்சு வந்தாப்ல?"

"பஞ்சு இல்லை. அலுமினியம். தகட்டுக்கு உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையா முளைச்சு வரது. ஊதினா பறக்கறது. முப்பத்தாறு வருஷமா பாக்கறேன். உப்புக் காத்து அரிச்சது பாத்திருக்கேன், எலி மூத்திரம் அரிச்சது பாத்திருக்கேன், இப்படி மயிர் முளைச்சு நான் பாத்ததே இல்லை. ட்ரெயினிங்ல படிச்சதோட சரி. ஒரே ஒரு சாமானுக்குத்தான் இப்படிப் பண்ணத் தெரியும். பாதரசம்."

ஜலஜா போனைத் திருப்பித் தந்தாள். கூட்டுப் பாத்திரத்தை எடுத்தவள் திரும்பக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கம்னு சொன்னேள்?"

"இடது. பைலட் சீட்டு. இடது றெக்கைக்கு முட்டுக் கொடுக்கற கம்பி வந்து சேர்ற எடம். பெயிண்ட் உதிர்ந்த எடத்துல ஒரு சொட்டு பட்டாப் போறும், உள்ளே இறங்கிடும். அப்புறம் எங்கே கிளம்பும்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது. எந்த முட்டாள் கொண்டுவந்து கொட்டினானோ தெரியலை. தெர்மாமீட்டர் கீர்மாமீட்டர் உடைஞ்சிருக்குமோ? ஏதாவது தத்தாரிப் பயல் வேலையா இருக்கும்."

ஜலஜா அவருக்கு மோர் விட்டாள். தான் சாப்பிட உட்காரவில்லை. தண்ணீர் டேங்கர் வந்த சத்தம் கேட்டு, இன்று நம் பிளாக் முறை இல்லை என்று தெரிந்தும் பால்கனிக்குப் போய் நின்றாள். உள்ளே வந்தாள். வைத்தி லேப்டாப்பைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா."

"ம்."

"அந்த முட்டாள் நான்தான்."

வைத்தி நிமிர்ந்து பார்த்தார். ஏதோ வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்து வாயோரம் சிரிப்புகூட வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அண்ணா ஆத்து மது கல்யாணத்துக்குக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேனே. அப்போ பாபநாசத்துல ஒரு வைத்தியர்கிட்ட மன்னி கூட்டிண்டு போனா. ரசமணின்னு பண்ணித் தரார். பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டு மாசக்கணக்கா அரைச்சுக் கட்டி, கோலி மாதிரி உருட்டித் தரது. கூட வெச்சிண்டா விபத்தே அண்டாதாம். அப்போதான் மானசா தனியா பறக்கப் போறேன்னு குதிச்சிண்டிருந்தா. எனக்கு ராத்தூக்கமே இல்லை. உங்களுக்கென்ன, நீங்க திருகாணி எண்ணறவர். க்ளப்ல விஸ்வகர்மா பூஜைக்குக் கூப்பிட்டிருந்தாளே, சுண்டல் பண்ணிண்டு வந்தேனே. எல்லாரும் ஆரத்தி எடுத்துண்டிருக்கச்சே நான் புடியாவுல ஏறி, சீட்டுக்கு முன்னாடி கார்பெட்டுக்குள்ள மஞ்சத் துணில முடிஞ்சு, கம்பில கட்டிட்டேன்."

"பாதரசத்தை. ப்ளேன்ல." வைத்தி லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். "நீ ஒரு ஏரோப்ளேன் எஞ்சினியர் ஆத்துக்காரி."

"அது கல்லாட்டம் இருந்ததுன்னா! கீழே போட்டா டங்குன்னது. பாதரசம்னா ஓடும்னுதானே எனக்குத் தெரியும்? இது கட்டின பாதரசம். சாமி சாமான். குழந்தை கீழே விழக்கூடாதுன்னு வெச்சேன். வேற எதுக்கு வெப்பேன்?" சொல்லிவிட்டு அழுதாள்.

வைத்தி திட்டியிருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த நிமிஷம் மனதில் ஓடியது வேறு கணக்கு. மானசா அந்தச் சீட்டில் இருநூறு மணி நேரம் பறந்திருக்கிறாள். கீழே அது அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். மேல்தொட்டித் தண்ணீர் அந்த நேரத்திலும் கொதித்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மெதுவாகப் பேசினார். "மணி கட்டியா அப்படியே இருந்தா, இதுக்குக் காரணம் அது இல்லை. வேற ஏதோ. காலம்பற போய் முதல்ல அதைப் பாப்போம்."

"இல்லாட்டா?"

"இல்லாட்டா எழுதணும். மொத்த ப்ளேனும் போச்சு. ஒரு திருகாணியைக்கூட இன்னொரு ப்ளேனுக்குக் கொடுக்கக் கூடாது. யார் கொண்டுவந்து வெச்சாங்கற கட்டமும் ஃபாரத்துல இருக்கு. பைலட்டோட அம்மான்னு எழுதினா விசாரணை வரும். விசாரணைல இருக்கற பொண்ணைத் திங்கட்கிழமை எந்தக் கம்பெனி சேர்த்துக்கும்?"

இருவரும் அந்தத் திங்கட்கிழமையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வைத்தி ஒன்றும் மகான் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரேதான் முதலில் வாயைத் திறந்தார்.

"சாதாரண அரிப்புன்னு எழுதிடலாம். ஈரம், பழசு. அடிப்பாகத்தை மட்டும் தனியா வெட்டிக் கிலோவுக்குப் போடச் சொல்லலாம். மத்தது போகட்டும்."

"றெக்கை?"

"அவ்வளவு தூரம் போயிருக்காது."

"போயிருக்காதுன்னு தெரியுமா, இல்லை சொல்றேளா?"

அதற்கு வைத்தி லேப்டாப்பை மூடினார்.

காலை ஐந்தரைக்கு வேகன்-ஆரில் கிளம்பினார்கள். காற்று அப்போதே சுட ஆரம்பித்திருந்தது. நஜஃப்கட்டில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தார்கள். ஜலஜா வாய்க்குள் ஸ்லோகம் சொல்ல ஆரம்பிப்பாள், நடுவில் நிறுத்திவிடுவாள். எந்தத் தெய்வத்திடம் என்னவென்று கேட்பது என்று அவளுக்கே குழப்பம்.

ஷெட்டில் காவல்கார சௌகிதார் மட்டும்தான். புடியா நசுங்கிய வாலோடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே நேற்றைய சூடு இன்னும் இறங்கவில்லை. வைத்தி கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஜலஜா காட்டிய இடத்தில் கார்பெட்டை உரித்தார்.

மஞ்சள் துணி இருந்தது. கம்பியில் கட்டியபடியே இருந்தது. ஜலஜா போட்ட இரட்டை முடிச்சு, யாரும் கை வைக்கவில்லை. வைத்தி கத்திரியால் நறுக்கி எடுத்துப் பிரித்தார். துணி நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. வேறு எதுவும் இல்லை.

"மணி எங்கேன்னா?" என்றாள் ஜலஜா.

"வெயில்ல மூடிக் கிடந்தா இதுக்குள்ள அறுபது டிகிரி போகும். எதைப் போட்டுக் கட்டினானோ, வேர்த்து வேர்த்துத் துணி வழியா கசிஞ்சிருக்கு." டார்ச்சைக் கதவோரம் மேலே அடித்தார். முட்டுக் கம்பி வந்து சேரும் ஆணியைச் சுற்றி வெள்ளையாக முளைத்திருந்தது. "ரெண்டு வருஷமா சாஞ்சு, திரும்பி, குலுங்கிப் பறந்திருக்கு. சொட்டு எங்கே வேணா உருண்டிருக்கும். எங்கேன்னு கேட்டா... இது பூராத்துலயும்தான்."

ஜலஜா சிறகைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

வைத்தி துணியைச் சுருட்டி, ஒரு பாலிதீன் கவரில் போட்டு, தன் பான்ட் பாக்கெட்டில் திணித்தார். "நீ எதுவும் பேசாதே. குழந்தை திங்கட்கிழமை ஜாயின் பண்ணட்டும். பாக்கியை நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எட்டு மணிக்கே டிரக் வந்துவிட்டது. கூடவே ராணா. மீரட் பக்கத்தில் சொந்தமாக ஃப்ளையிங் ஸ்கூல் நடத்துகிற ஆள். அதே ஆந்தியில் அவருடைய விமானம் ஒன்றுக்கு இடது சிறகு முறிந்துவிட்டது. புடியாவின் சிறகு அச்சாகப் பொருந்தும் என்று ஒரு மாதமாகக் காத்திருக்கிறார். பேசியது முழுக்க ஹிந்திதான், தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ராம் ராம் வைத்தி சாப்! பதினாறுன்னு செக்ரட்டரி சொன்னார். நான் பதினேழாத் தர்றேன். ஜல்தி பேப்பர் போட்டுக் கொடுங்க. இருபத்திரண்டு பசங்க என் தலையைத் தின்றாங்க. இன்னிக்கு றெக்கையை ஏத்தினா அடுத்த ஞாயித்துக்கிழமை பறக்க விட்டுடுவேன்."

"ஏக் மினிட்" என்று வைத்தி ஃபாரத்தை எடுத்து, புடியாவின் மூக்கருகே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

ஜலஜா அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை."

"இப்போ வேண்டாம்."

"அந்த வைத்தியர் ஜோடியாத்தான் கொடுப்பார். ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு ஆளுக்கு."

பேனா நின்றது. "இன்னொண்ணு எங்கே?"

"மானசாவோட ஃப்ளைட் பேக்ல. லைனிங்குக்கு உள்ளே வெச்சுத் தெச்சுட்டேன். அவளுக்குத் தெரியாது."

ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. வைத்தி போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பு நம்பரை அழுத்தி, மூன்றாவது தடவைதான் மணி அடித்தது. அந்தப் பையை மானசா எங்கே போனாலும் சீட்டை ஒட்டித்தான் வைப்பாள். திங்கட்கிழமையும் அதே பையோடுதான் போவாள்.

"ஹலோ அப்பா? யூனிஃபார்ம் ஐயர்ன் பண்ணிட்டிருக்கேன், அப்புறமா..."

"உன் ஃப்ளைட் பேக் எங்கே?"

"கட்டில் மேல. க்யோன், எதுக்கு?"

"அதை எடு. கையில கவர் மாட்டிக்கோ. கத்திரியால லைனிங்கைக் கிழி."

"அப்பா, ஆர் யூ ஓகே? அது நல்ல பை..."

"கிழின்னா கிழிடீ!" ஷெட்டே அதிர்ந்தது. சௌகிதார் டீ கிளாசோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தான். முப்பத்தாறு வருஷத்தில் வைத்தி எந்த ஷெட்டிலும் குரல் உயர்த்தியதில்லை.

துணி கிழிகிற சத்தம் போனில் கேட்டது. "ஹாங், மில் கயா, கிடைச்சுடுத்து. எல்லோ துணில ஒரு சில்வர் பால். ஈ, ஈரமா இருக்குப்பா. வாட் இஸ் திஸ்?"

"தொடாதே. கண்ணாடி பாட்டில் எதாவது இருக்கா? அதுல போட்டு மூடு. பையை வெளியே வை. கையை அலம்பு. சோப்புப் போட்டு. அலம்பிட்டியா? மூடிட்டியா?"

"மூடிட்டேன்ப்பா. ஹுவா க்யா, என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்" என்று வைத்து, விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஜலஜா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நம்ம பொண்ணுன்னதும் ஒரு நிமிஷம் உங்களால பொறுக்க முடியலை. ஜாயினிங் எல்லாம் ஞாபகமே வரலை, வந்ததா? அந்த இருபத்திரண்டு குழந்தேளுக்கு யாருன்னா போன் பண்ணுவா?"

வைத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக அவள் கோவில், விரதம், கயிறு என்று அலைகிறபோதெல்லாம் கேலி பண்ணியவர். பாக்கெட்டிலிருந்து பாலிதீன் கவரை எடுத்து ஃபாரத்தின் மேல் வைத்தார்.

"ராணா சாப், இதர் ஆயியே."

ராணா வந்தார். வைத்தி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெயிண்ட் பளபளவென்று இருந்த ஓர் இடத்தில், கதவுக்குக் கீழே, மெதுவாக அழுத்தினார். வேகவைத்த உருளைக்கிழங்கில் இறங்குகிற மாதிரி பிடி வரை இறங்கியது.

"பாதரசம். இந்த ப்ளேன் முழுக்க. எதையும் விக்க முடியாது."

ராணா ஸ்க்ரூடிரைவரையே பார்த்தார். பிறகு வியாபாரம் திரும்பி வந்துவிட்டது. "அது அடியில சாப். றெக்கை மேல இருக்கு. என் மெக்கானிக் பாத்துப்பான். எவ்வளவுன்னு போடுறீங்க? ஜீரோவா? அப்ப ஜீரோவுக்கே எனக்குக் கொடுத்துடுங்க!" என்று சிரித்தார்.

வைத்தி சௌகிதாரிடம் கட்டிங் மெஷினைக் கேட்டார். இனி பறக்கக்கூடாத உறுப்பை யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி சிதைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும் என்பது அந்தத் தொழிலில் ஒரு முறை. செக்ரட்டரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஐந்து நிமிஷம் கத்தல். வைத்தி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் "பறக்க விட்டு எவனாவது செத்தா உங்க க்ளப் பேருதான் சார் வரும்" என்றார். அதற்குப் பிறகு கத்தல் இல்லை, "கர் தீஜியே", செய்துவிடுங்கள், என்று மட்டும் வந்தது.

ராணா சிறகின் முன்னால் வந்து நின்றார். "வைத்தி சாப், நான் ஒரு மாசமா உக்காந்திருக்கேன். பசங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

ஜலஜா எழுந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷம் காய்கறிக்காரனிடம் பேசிப் பழகிய ஹிந்தி அவளுடையது, இலக்கணம் எல்லாம் அதில் எதிர்பார்க்கக் கூடாது. "பாய் சாப், அந்தப் பாதரசத்தை வெச்சது நான். என் பொண்ணு இதுல பறந்தா. அவ பிழைச்சது என் மணியால இல்லை, சும்மா பிழைச்சுட்டா. உங்க பசங்களும் சும்மா பிழைப்பாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

ராணா அவளைப் பார்த்தார். சிறகின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். எடுத்த கையைப் பான்ட்டில் துடைத்துக்கொண்டு, டிரைவரிடம் டிரக்கைத் திருப்பச் சொன்னார்.

வெட்டு விழ அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு சிறகையும் வேரோடு குறுக்கே அறுத்தார்கள். வைத்தி பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு ஃபாரத்தில், மிச்ச மதிப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா மறுபடி நின்றது.

"என் பேரைப் போடுங்கோ. ஜலஜா வைத்தியநாதன், இதுல பயிற்சி எடுத்த மானசாவோட அம்மான்னு போடுங்கோ. பாதியை எழுதிப் பாதியை விட்டேள்னா, அதுவும் பாக்கெட்ல வெச்ச மாதிரிதான்."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். எழுதுகையில் அவர் கண்ணிலிருந்து சொட்டியது, அவர் அதை வியர்வை என்றே துடைத்துக்கொண்டார்.

மானசாவே திரும்பக் கூப்பிட்டாள். வைத்தி ஸ்பீக்கரில் போட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பா, ரிப்போர்ட்ல நான் வரேனா?"

"ஆமாம்மா."

"மண்டே?"

"தெரியலைம்மா. நிஜமா தெரியலை."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. வைத்தியால் தாங்க முடியாமல் போனை ஜலஜாவிடம் நீட்டிவிட்டு நகர்ந்தார்.

"மானசா."

"அம்மா, ஏன்மா இப்படிப் பண்ணினே?"

"பயந்துண்டு பண்ணினேன்டி. தப்புதான்."

மானசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்த பாட்டிலை என்ன பண்றது? டஸ்ட்பின்ல போடவா?" என்றாள்.

"எங்கேயும் போடாதே. மூடியை இறுக்கி மேஜை மேல வை. நான் மெட்ரோ பிடிச்சு வரேன்."

"வந்து?"

"திங்கட்கிழமை உன்கூட ஆபீசுக்கு வரேன். அப்பா எழுதின பேப்பரையும் எடுத்துண்டு வரேன். அவா கேக்கறதுக்கு முன்னாடி, இதை வெச்சது இவ இல்லை, நான்னு உன் ஆபீசர்கிட்ட நானே சொல்றேன். வேலை தந்தாலும் சரி, போன்னாலும் சரி, கேட்டுண்டு ரெண்டு பேருமா ஆத்துக்கு வருவோம்."

லைன் போய்விட்டதோ என்று ஜலஜா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. திரும்பக் காதில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி துணியில் தேய்கிற சத்தம் கேட்டது.

"ஒம்போது மணி ரிப்போர்ட்டிங்மா" என்றாள் மானசா. "லேட் பண்ணாதே."